எட்டு மணி மாத்திரை

காலை எட்டு மணிக்கு அவள் மாத்திரை டப்பாவைத் திறந்தாள். காலி. நேற்று வரை ஆறு அட்டை இருந்தது.

"குப்பையில போட்டாச்சு. வண்டியும் வந்து அள்ளிட்டுப் போயிருச்சு," என்றாள் நாத்தனார், காய் நறுக்கியபடியே. "வயித்துல அஞ்சு மாசம். பிள்ளைக்கு விஷத்தையா குடுப்ப? மூணு வருஷமா வலிப்பே வரலையே, அப்புறம் எதுக்கு?"

"வராம இருக்கறதே அதாலதான் அண்ணி."

கணவன் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றான். "பிள்ளைக்காகத்தானே அக்கா செஞ்சா..." என்று அவளிடம் இழுத்தான்.

அவளுக்குத் தையல்கடையில் துணி வெட்டும் வேலை. ஒரு வெட்டு தப்பினால் மொத்தத் துணியும் பாழ் என்று தெரிந்தவள். பிள்ளை விஷயத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டா இறங்குவாள்? கருத்தரிப்பதற்கு ஒரு வருடம் முன்பே நரம்பு டாக்டரைப் பார்த்தாள். பழைய மருந்து கருவுக்கு ஆகாது என்று அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் புதியதுக்கு மாற்றினார். அந்த மாதங்களில், வலிப்பு வந்துவிட்டால் என்று கத்தரியைத் தொடாமல் பொத்தான் தைத்துக் காலம் தள்ளினாள். "திடீர்னு நிறுத்தினா வலிப்பு அடுக்கடுக்கா வரும். உனக்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து," என்று அவர் சொன்னபோது பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. கணவனுக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. எப்போதுமே கிடைத்ததில்லை.

டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

முதல் மருந்துக்கடையில், "அதே மருந்துதாம்மா, கம்பெனிதான் வேற," என்றார்கள்.

"எழுதினதையே குடுங்க. மாத்தணும்னா டாக்டர் மாத்தட்டும்."

இரண்டாவது கடையில் கிடைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். "ரெண்டு மணி நேரம்தானே ஆச்சு? இப்பவே போட்டுக்கோங்க. ராத்திரி மாத்திரை வழக்கம்போல. ரெண்டையும் சேர்த்துப் போட்டுறாதீங்க," என்றாள் நர்ஸ். இத்தனை நாள், ராத்திரி எட்டு மணிக்கு வேலையிடத்தில் இருந்தால் கழிப்பறையில் ஒளிந்து விழுங்கியவள், கடைப்படியில் நின்று, போவோர் வருவோர் பார்க்க விழுங்கினாள்.

வீடு திரும்பி, அட்டைகளைச் சாப்பாட்டு மேசை நடுவில் வைத்தாள். "இனி இதை யாராவது தொட்டா, கோவிச்சுக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போவேன்னு நினைக்காதீங்க. இங்கயே இருந்து சண்டை போடுவேன்."

பிறகு வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெதுவாகத் தரையில் மல்லாந்து படுத்தாள்.

"ஐயோ, என்னாச்சு?" கணவன் பதறினான்.

"ஒண்ணும் ஆகல. ஆனா வலிப்பு வந்து விழுந்திருக்கேன்னு வச்சுக்கோங்க. என்ன செய்வீங்க?"

"தண்ணி குடுப்பேன்."

"மூச்சடைச்சுப் போயிருவேன்."

"பல்லுக்கு நடுவுல கரண்டி..." என்றாள் நாத்தனார் தயங்கி.

"பல்லு உடையும் அண்ணி. வாயில எதுவும் கூடாது. கையைக் காலை அமுக்கக் கூடாது. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, நேரத்தைப் பாருங்க. வயித்துல பிள்ளை இருக்கு, உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. ம், திருப்புங்க."

கல்யாணமாகி இரண்டு வருடத்தில் அவன் அவளை இவ்வளவு பயந்து தொட்டதில்லை. திருப்பினான். தலை தரையில் இடித்தது.

"இன்னொரு தடவை," என்றாள்.

அவன் மறுபடி மண்டியிட்டான். இந்த முறை, தரைக்கும் அவள் தலைக்கும் நடுவில், பாத்திரம் கழுவிய ஈரம் உலராத இன்னொரு உள்ளங்கை வந்து நுழைந்தது.