முயல் கூண்டின் முடிச்சு

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு அல்ல. என் மனைவி வேலைசெய்யும் இடத்திலிருந்து வந்தது. ஒரு பத்திரிகை என்னிடம் கட்டுரை கேட்டிருந்தது. 'இலக்கியத்தில் கள்ளமின்மையும் குறியீடுகளும்' என்று தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள். இரண்டு பத்தி எழுதி மூன்றாவதில் முட்டிக்கொண்டு நின்றபோது, மனைவி வீட்டுக்குள் வந்து பையை நாற்காலியில் போட்டுவிட்டு, "முயல் செத்துப்போச்சு" என்றாள். கட்டுரை அதோடு நின்றுவிட்டது.

அவள் ஒரு பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தின் மேலாளர். முயல் அங்கே பின்பக்க வராந்தாவில், கம்பிவலைக் கூண்டில் இருந்தது. வெள்ளை முயல்.

(இங்கே ஒரு புகார். முயல் நிஜமாகவே வெள்ளை. குறியீடு என்று யாரும் கிளம்பிவிடக் கூடாதே என்று ஒரு வரைவில் அதைப் பழுப்பாக்கிப் பார்த்தேன். "பழுப்பு முயலுக்கு யார் அழப்போறா?" என்று மனைவி கேட்டாள். திரும்பவும் வெள்ளையாக்கிவிட்டேன்.)

2

முதல் தொடக்கம்: 'உலகத்தின் தீமை எதையும் அறியாத அந்த முயல், தன் சிவந்த கண்களால்...'

விட்டுவிட்டேன். அந்த முயல் மூன்று பிள்ளைகளின் விரலைக் கடித்திருக்கிறது.

இரண்டாம் தொடக்கம்: 'ஐந்து வயதுச் சிறுமியின் கள்ளமற்ற முகத்தில் ஒரு...'

இதையும் விட்டுவிட்டேன். ஆனால் ஏன் இப்படியே கை போகிறது என்று யோசித்தேன். கதையில் சின்னதாக, வெள்ளையாக, பெரிய கண்களோடு ஒன்றை வைத்துவிட்டால் போதும். மிச்சத்தை வாசகர் பார்த்துக்கொள்வார். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புவது வாழ்க்கையில் ஏமாளித்தனம். இலக்கியத்தில் அதற்கு ரசனை என்று பெயர். அப்படி ஒருவரைக் கள்ளமற்றவர் ஆக்கியதும், நடந்த கெடுதலுக்கு வேறொருவரைத் தேடியாக வேண்டும் என்பதை நான் கட்டுரையில் எழுதவில்லை. அப்போது எனக்கு அது தெரியாது.

3

நடந்தது இதுதான். கூண்டின் தாழ்ப்பாள் துருப்பிடித்து உடைந்து வெகுநாள் ஆயிற்று. பழைய ஷூ லேஸ் ஒன்றால்தான் கதவைக் கட்டிவைப்பார்கள். கட்டுவது ஆயாவின் வேலை. தீனி வைக்க, கழுவ என்று அடிக்கடி திறக்கவேண்டி இருப்பதால், இழுத்தால் அவிழும் பூமுடிச்சாகத்தான் அவர் போடுவார். அதே ஆயாதான் அதே முடிச்சை வைத்துப் பிள்ளைகளுக்கு ஷூ கட்டவும் சொல்லிக்கொடுக்கிறார். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை, என் மனைவி உட்பட.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாட்ச்மேன் தண்ணீர் மோட்டார் அறைக்குப் பின்னால் முயலைக் கண்டார். நாய் கடித்துப் போட்டிருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் கூண்டு மூடியிருந்தது, லேஸ் கட்டியிருந்தது, உள்ளே முயல் இல்லை.

எல்லோரும் உடனே ஒரு கதை எழுதிவிட்டார்கள். ஆயா கதவைத் திறந்து போட்டுவிட்டார், முயல் ஓடிவிட்டது, தப்பை மறைக்க வெறும் கூண்டைக் கட்டிவைத்துவிட்டார். என்னைவிட வேகமாக எழுதுகிறவர்கள்.

"நான் கட்டிட்டுத்தான் மேடம் போனேன். ரெண்டு தடவை இழுத்துப் பாத்தேன்" என்றார் ஆயா.

ரெண்டு தடவை என்பது பொய் என்று என் மனைவிக்குத் தெரியும். ஆயா எதையும் ரெண்டு தடவை செய்கிற ஆள் இல்லை.

4

இந்தப் பாத்திரத்தோடு எனக்குப் பெரிய தொல்லை. காப்பகத்தில் அவரை ஊக்கு ஆயா என்பார்கள். எந்தப் பிள்ளையின் பொத்தான் எப்போது தெறிக்கும் என்று சொல்ல முடியாததால் தோள்பக்கம் வரிசையாக ஊக்கு குத்தி வைத்திருப்பார். ஐம்பதை நெருங்கும் வயது. கத்துவார். பிள்ளைகளின் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் பிள்ளைகள் தின்றதாகச் சொல்வார். இவரை வைத்துக்கொண்டு கள்ளமின்மையைப் பற்றி எப்படி எழுதுவது?

இந்த வேலை போனால், மாட்டிக்கொள்ளாமல் இருக்க வெறும் கூண்டைக் கட்டியவர் என்ற பெயரோடுதான் போவார். அந்தப் பெயரோடு வருகிறவரிடம் எந்தக் காப்பகமும் பிள்ளைகளை ஒப்படைக்காது. அவருக்கு வேறு தொழிலும் தெரியாது. வாசகருக்கு இரக்கம் வர இது போதாதோ என்று நினைத்து, நோயாளி மகன் ஒருவனைச் சேர்த்தேன்.

மனைவி படித்தாள். "அவங்களுக்குப் பையனே கிடையாது. பாவம்னு காட்டினாத்தான் செய்யலன்னு நம்புவீங்களா?"

மகனை அடித்துவிட்டேன்.

5

ஞாயிற்றுக்கிழமை துணி மடிக்கும்போது மனைவியே சொன்னாள். ஆயா முடிச்சுப் போட்டால் அதன் இரண்டு வளையக் காதும் இடவலமாகப் படுத்திருக்கும். கூண்டில் இருந்த முடிச்சில் காது மேலும் கீழுமாக நின்றது. காப்பகத்தில் அப்படிக் கட்டுகிறவள் ஒருத்திதான்: தக்காளி. (கன்னத்துக்காக வைத்த பெயர், ஐந்து வயது. லேஸை மாற்றிச் சுற்றும் பழக்கத்தை ஆயா எவ்வளவு கத்தியும் விடவில்லை.)

"பாத்ததுமே தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"அப்ப சொல்லிட வேண்டியதுதானே?"

"யார்கிட்ட? அவ அப்பாதான் பில்டிங் ஓனர். உங்க பச்சை மண்ணுதான் சார் திறந்துச்சுன்னு சொல்லவா? அவகிட்டயே கேட்டேன். நான் திறக்கலேன்னுட்டா. இந்தப் பூனையும் பால் குடிக்குமாங்கிற மாதிரி உக்காந்திருக்கா."

எனக்குள் இருந்த கட்டுரைக்காரன் எழுந்துவிட்டான். குழந்தை ஏன் திரும்பக் கட்டியது? மறைக்கத்தான் என்றால் அங்கே கள்ளமின்மை முடிந்துவிட்டது, முடிச்சு அதன் குறியீடு. அல்லது, 'அவுத்தா திரும்பக் கட்டணும்' என்று ஆயா தினமும் கத்துவாரே, அதற்குக் கீழ்ப்படிந்ததா? அப்படியென்றால் முயல் போன கூண்டை ஒழுங்காகக் கட்டிவைத்த அந்தக் கை... இப்படி ஒரு பக்கம் எழுதி வாசித்துக் காட்டினேன்.

"அவ ஏன் கட்டினான்னு நீங்க ஆராய்ஞ்சுக்கிட்டே இருங்க. ஆயா கட்டலங்கிறதுதான் எனக்கு வேணும். ஆயாவை வச்சுக்கிறதா வேண்டாமான்னு பேச நாளைக்கு ஓனர் வர்றார்" என்றாள்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். வெள்ளிக்கிழமை தப்பு எதுவுமே செய்யாதவர் அந்தக் கட்டடத்தில் ஊக்கு ஆயாதான். என் கட்டுரையில் கள்ளமற்றவர்களின் வரிசை ஒன்று இருந்தது: குழந்தை, ஆட்டுக்குட்டி, மொட்டு, பனித்துளி. அதில் கத்துகிற பெண் யாரும் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

6

முடிவு ஒன்று: குழந்தை அழுது உண்மையைச் சொல்கிறது. (ஐந்து வயதுப் பிள்ளையை யாரோ மிரட்டியிருக்க வேண்டும். எழுத மனம் வரவில்லை.)

முடிவு இரண்டு: ஆயா எல்லாம் தெரிந்தும் பழியை ஏற்றுக்கொண்டு, குழந்தையின் தலையைத் தடவிப் புன்னகையோடு வெளியேறுகிறார். பத்திரிகைக்குப் பிடிக்கும். மடமடவென்று எழுதிவிட்டேன்.

"எதுக்குச் சிரிச்சுக்கிட்டே போறாங்க? அங்க வந்து பாருங்க, வாட்ச்மேன்ல ஆரம்பிச்சு எல்லார்கிட்டயும் சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க."

அதையும் அடித்தாயிற்று.

7

திங்கட்கிழமை, அலுவலக அறை. முடிச்சை அவிழ்க்காமல் கூண்டையே தூக்கி மேசைமேல் வைத்திருந்தாள் என் மனைவி. ஒரு பக்கம் ஓனர். எதிரே நாற்காலியில் தக்காளி, கால் தரைக்கு எட்டாமல் ஆடிக்கொண்டிருந்தது. கதவோரம் ஆயா. என் மனைவி குனிந்து குழந்தையின் ஒரு ஷூ லேஸை அவிழ்த்துவிட்டாள்.

"எங்க, கட்டிக் காட்டு பாப்போம்."

ஓனர் பெருமையோடு சாய்ந்து உட்கார்ந்தார். தக்காளி காலை நாற்காலிமேல் தூக்கி வைத்து, லேஸின் இரண்டு நுனியையும் பிடித்தாள். கூண்டைப் பார்த்தாள். ஆயாவைப் பார்த்தாள்.

"எப்படிக் கட்டணும் மிஸ்? என் மாதிரியா, ஆயா மாதிரியா?"

"பாருங்க, எவ்ளோ வெகுளியாக் கேக்குது" என்று ஓனர் சிரித்தார்.

ஆயா தோள் ஊக்குகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தார்.

"அதுக்கு நான் என்ன சொன்னேன்னா..." என்று, இதையெல்லாம் வீட்டில் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த மனைவி தொடங்கினாள். நான் நிறுத்தச் சொல்லிவிட்டேன். அவளுக்குக் கோபம். நடந்ததை எழுத உங்களுக்கு என்ன பயம் என்றாள்.

பயம்தான். எனக்குத் தெரிந்தால் அதற்கும் ஓர் அர்த்தம் கண்டுபிடித்துவிடுவேன். அதனால் பதிலை நீங்களே சொல்லுங்கள். உன் மாதிரி கட்டு என்று சொல்லலாம், ஆயா மாதிரி கட்டு என்றும் சொல்லலாம். ஒன்றும் கட்ட வேண்டாம், விளையாடப் போ என்று குழந்தையை அனுப்பிவிட்டு, ஓனரின் முகத்தைப் பார்த்து நேராகப் பேசலாம். லேஸ் நுனிகள் இன்னும் தக்காளியின் விரலில்தான் இருக்கின்றன.

ஒன்றை மட்டும் இப்போதுதான் கவனித்தேன். அந்த அறையை எத்தனையோ தரம் திருத்தி எழுதினேன். ஓனருக்கு நாற்காலி போட்டேன், குழந்தைக்கும் போட்டேன். ஆயாவுக்குப் போட மறந்திருக்கிறேன். நீங்கள் யோசித்து முடிக்கும்வரை அவர் நின்றுகொண்டுதான் இருப்பார்.