மெக்கானிக் படியேறிய பத்து நாள்

ஓய்வு பெற்ற மறுநாளே மெக்கானிக் உலகத்தைக் கை கழுவிவிட்டார். முப்பத்தைந்து வருஷம் லிஃப்ட் பழுது பார்த்த மனிதர். "இனிமே யார் எக்கேடு கெட்டா எனக்கென்ன?" என்று மனைவியிடம் அறிவித்தார். கல்யாணத்துக்குப் போவதில்லை, சாவுக்கும் போவதில்லை. குடியிருப்போர் சங்கக் கூட்டம் என்றால் சொல்லி வைத்தாற்போல் முதுகு வலி வந்துவிடும். இந்த ஆறு வருஷத்தில் வெளியாளிடம் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம், பால்காரரிடம் சொன்ன "நாளைக்கு வேணாம்" என்பதுதான். இதற்கு அவர் வைத்த பெயர் நிம்மதி. மனைவி வைத்த பெயர் வேறு. அது அச்சில் ஏறாது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நாலாவது மாடியில் தன் வீட்டு வாசலில் நின்றவர் ஒன்றைக் கவனித்தார். எதிரே லிஃப்ட் கதவு இரண்டு விரல் அகலம் திறந்தே கிடக்கிறது. லிஃப்டோ ஜம்மென்று கீழே போகிறது. கதவு சாத்தாமல் லிஃப்ட் நகரவே கூடாது. நகர்ந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கதவுப் பூட்டு கெட்டிருக்கிறது. அதை மாற்றச் சோம்பல்பட்ட கம்பெனிக்காரன், மொட்டை மாடி மெஷின் ரூமில் கதவு சாத்தியிருப்பதாக லிஃப்ட் நம்பும்படி ஒரு துண்டு வயரை வைத்து 'ஷார்ட்' போட்டுவிட்டுப் போயிருக்கிறான். இனி லிஃப்ட் எங்கே நின்றாலும் இந்தக் கதவு திறக்கும். திறந்து காலை வைத்தால் வெறும் குழி.

மெக்கானிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது. அவரே இருபது கட்டடத்தில் செய்த வேலை அது. 'தற்காலிக ஏற்பாடு' என்று எழுதி வைப்பார். அடுத்த வருஷம் போனாலும் அந்தத் தற்காலிகம் அங்கேயே உட்கார்ந்திருக்கும். யாரும் விழவில்லையே, விழுந்தாலும் கையெழுத்து சூப்பர்வைசருடையதுதானே என்று குறட்டை விட்ட ஆசாமி.

உள்ளே போய்க் குரலைத் தாழ்த்தினார். "கொஞ்ச நாளைக்கு லிஃப்ட்ல ஏறாத. படியில போ."

"ஏன், என்ன ஆச்சு?"

சொன்னார். மனைவி பதறிப்போனாள். "அய்யய்யோ! செக்ரட்டரிகிட்ட சொல்லுங்க."

"சொன்னா, நீங்களே கூட இருந்து பாத்துக்கங்க சார்னு நம்ம தலையில கட்டிடுவான். கம்பெனிக்காரன் மாசாமாசம் வர்றான்ல, அவன் பாத்துப்பான்."

"எதிர்வீட்டு அக்கா தினம் நாலு தடவ ஏறி இறங்குறாங்க."

"அவங்களுக்குக் கண்ணு இல்லையா? பாத்து ஏற மாட்டாங்களா?"

அக்காவுக்கு எழுபது வயது. போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கண்ணில் புரை. மனைவி இன்னும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு, பொய் சொல்வானேன், அவளும் விட்டுவிட்டாள். இருவரும் படியேறினார்கள்.

"என்ன சார், திடீர்னு படி?" என்று அக்கா ஒருநாள் கேட்டார்.

"முட்டிக்கு நல்லதாம். டாக்டர் சொன்னாரு. நீங்களும் படியில வரலாமே அக்கா."

"எனக்கெங்க முடியும்?" என்று அவர் லிஃப்டில் ஏறிக்கொண்டார். அவர் பத்திரமாக இறங்கும் சத்தம் கேட்கும்வரை மெக்கானிக் படியிலேயே நின்றார். மனசாட்சி அந்த அளவுக்கு இருந்தது. அதற்கு மேல் இல்லை.

பத்தாம் நாள் காலையில் அலறல் கேட்டது. லிஃப்ட் இரண்டாவது மாடியில் நின்றிருந்ததால் அக்கா அதன் கூரைமேல் விழுந்தார். உயிர் தப்பியது, தொடை எலும்பு தப்பவில்லை. கட்டடமே கூடிக் கத்திக்கொண்டிருந்தபோது மெக்கானிக் வந்தார் பாருங்கள், என்ன வேகம்! மெயினை அணைத்தார். மெஷின் ரூமுக்கு ஓடி, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றி, கூரையோடு அக்காவை வாசல் மட்டத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். பத்தே நிமிஷம்.

அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். சங்கக் கூட்டத்தில் முன்வரிசை நாற்காலி. "இதை முன்கூட்டியே யாராலயும் கண்டுபிடிச்சிருக்க முடியாது, இல்லையா சார்?" என்று செக்ரட்டரி கேட்டார்.

"முடியாதுங்க," என்றார் மெக்கானிக். எல்லாருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. மனைவி எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க இல்லேன்னா நான் அங்கயே போயிருப்பேன் சார். படியில வாங்கன்னு சொன்னீங்க, நான்தான் கேக்கல. எல்லாம் என் கொழுப்பு."

"பரவாயில்லக்கா, விடுங்க," என்றார் மெக்கானிக், பெருந்தன்மையாக.

மனைவிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "அக்கா, இவருக்குத் தெரியும். பத்து நாளா தெரியும். எனக்கும் தெரியும். அதனாலதான் நாங்க படியில போனோம்."

அக்கா கையை விடவில்லை. "அப்படியா சார்?"

கம்பெனி, செக்ரட்டரி, சூப்பர்வைசர் என்று பழி போட யார் யாரையோ தேடிவிட்டுக் கடைசியில், "நான் ரிட்டயர்டு ஆளுக்கா," என்றார் மெக்கானிக்.

"நானுந்தான் ரிட்டயர்டு. என் பேத்தி ரெண்டாங்கிளாஸ் படிக்கிறா சார். லீவுக்கு வந்தவ இந்தப் பத்து நாள்ல எட்டு நாள் எங்கூடத்தான் இருந்தா. எனக்கு முந்தி ஓடிப்போய் லிஃப்ட் கதவத் தொறக்கறது அவதான்."

அந்தக் குழந்தையைப் பற்றி இதுவரை ஏன் சொல்லவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள். மெக்கானிக்கும் அதை நினைக்காமல்தான் பத்து நாளை ஓட்டினார்.

"நீங்க படியில நின்னு அவளுக்கு டாட்டா காட்டினீங்க," என்றார் அக்கா.

கையை விடாமல், மெக்கானிக் என்ன சொல்லப் போகிறார் என்று காத்திருந்தார்.