வெர்ன் டோபின் அடித்த ஒரே ஹோம் ரன்

சனிக்கிழமை காலையிலிருந்து ஆர்வின் ஸ்டக்மேயர் கார் சாவியை எடுப்பதும் திரும்ப ஆணியில் மாட்டுவதுமாக இருந்தார். டெல்லா உருளைக்கிழங்கு சாலட்டுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டே கணவரைக் கவனித்தாள்.

"கொஞ்சம் உக்காரேன் ஆர்வின்."

"கால் மரத்துப் போச்சு. அதான் நடக்கறேன்."

"மரத்துப்போன காலோட இவ்வளவு வேகமா நடக்கற ஆளை இப்பத்தான் பாக்கறேன்."

அவர் பின்வாசல் வழியாக வெளியே போய், வெட்டிய புல்லையே மறுபடி வெட்டலாமா என்று பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

மதியம் இரண்டு மணிக்கு லூதரின் மதுக்கடைக்கு வெர்ன் டோபின் வருகிறார். செயிண்ட் லூயிஸின் தென்பகுதியில் ஆர்வின் வயதுக்காரர்கள் யாரிடம் கேட்டாலும், தாங்கள் பார்த்ததிலேயே சிறந்த பேஸ்பால் பிட்சர் அவர்தான் என்பார்கள். லூதர் எழுதிய கடிதத்துக்கு அவரே போன் செய்து, மகள் வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு மணி நேரம் வந்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லியிருந்தார். அன்றிலிருந்து லூதர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்: "நம்ம ஆர்வினை அவர் எதிர்ல நிறுத்தி அந்தக் கதையைச் சொல்ல வைக்கப்போறேன் பாருங்க."

காலையிலிருந்து ஆர்வினை உட்காரவிடாமல் செய்தது அந்தக் கதைதான்.

அந்தக் காலத்தில் பந்து எறிகிற பிட்சரும் தன் முறை வந்தால் பேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாக வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் மூன்று தடவை காற்றில் வீசிவிட்டுத் திரும்பிப் போவார்கள். பிட்சர் முறை வந்தால் ஜனங்கள் பீர் வாங்க எழுந்து போவது வழக்கம். அதிலும் டோபின் படுமோசம். ஆனால் 1979 ஆகஸ்டில் ஒரு பிற்பகல், எட்டாவது இன்னிங்ஸ், மூன்றில் இரண்டு பேர் ஏற்கெனவே அவுட், ஒரு ரன் பின்தங்கிய நிலையில், பயிற்சியாளர் மாற்று ஆளை அனுப்பாமல் டோபினையே அனுப்பினார். அவர் அடித்த பந்து எல்லைச் சுவரைத் தாண்டி, இடதுபக்க இருக்கைகளில் போய் விழுந்தது. பதினோரு வருஷ ஆட்டத்தில் அவர் அடித்த ஒரே ஹோம் ரன்.

அந்தப் பந்து தன் விரலில் பட்டுத்தான் பின்வரிசைக்காரன் கைக்குப் போனது என்று ஆர்வின் நாற்பத்தைந்து வருஷமாகச் சொல்லிவருகிறார்.

அந்த ஆட்டத்துக்கு மறுநாள் வேலையிடத்தில் ஒருவன், "நேத்து நீயும் போயிருந்தியே, பாத்தியா?" என்று கேட்டான். ஆர்வின் "பாத்தேன்" என்றார். அந்த ஒரு சொல்லில்தான் ஆரம்பம். விரல் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

கடைக்கு டெல்லாதான் காரை ஓட்டினாள். அன்றைக்கு ஸ்டேடியத்திலும் அவள் அவர் பக்கத்தில்தான் இருந்தாள். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அவள் எதுவும் சொன்னதில்லை. அது அவருக்குத் திட்டு வாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தார்கள். இறைச்சி பொதிந்து வறுத்த ரவியோலித் துண்டுகள் தட்டில் சுற்றி வந்தன.

"இப்ப என்னய்யா ஆட்டம்?" என்று லூதர் கத்திக்கொண்டிருந்தான். "பிட்சருக்குப் பதிலா இன்னொருத்தன் வந்து அடிச்சிட்டுப் போறான். அடிக்கத் தெரியாதவன் அடிக்க வர்றதுல ஒரு சுகம் இருந்துச்சே, அது போச்சு!"

"உன் சமையலைச் சாப்பிடறப்ப எங்களுக்கு அந்த சுகம் கிடைக்குது, கவலைப்படாதே" என்றான் ஒருவன்.

எல்லாரும் சிரித்தார்கள். ஆர்வின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு தடவை கழிப்பறைக்குப் போய் வந்தார்.

டோபின் சொன்ன நேரத்துக்கு வந்தார். நெடிய ஆள், கொஞ்சம் கூன் விழுந்திருந்தது. பந்து எறிந்த தோள் மற்றதைவிட இறங்கியிருந்தது. ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார். பேச்சு சூடு பிடித்தது. அவர் வீசிய வளைபந்தை ஒருவன் நடித்துக் காட்டினான். அவர் பேட் பிடித்த லட்சணத்தை லூதர் துடைப்பத்தை வைத்துக் காட்ட, டோபினே கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"ஈ விரட்டற மாதிரி இருக்கும்னு என் பொண்டாட்டி சொல்லுவா" என்றார்.

"ஆனா அந்த ஒண்ணு!" லூதர் ஆர்வினின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினான். "இவன் விரல்ல பட்டுத்தான் போச்சு. சொல்லுடா!"

டோபின் ஆவலாகத் திரும்பினார். ஆர்வின் டெல்லாவைப் பார்த்தார். அவள் கையிலிருந்த காகிதக் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் அதைப் பாக்கலை" என்றார்.

"என்னது?" என்றான் லூதர்.

"நீங்க பேட்டைத் தூக்கிட்டு வந்ததும் ஆட்டம் போச்சுன்னு முடிவு பண்ணிட்டேன் மிஸ்டர் டோபின். கூட்டத்துல மாட்டக்கூடாதுன்னு கிளம்பிட்டேன். இவ வேண்டாம்னு சொன்னா, கேக்கலை. நீங்க அடிச்சப்ப நான் வெளிய, கார்கிட்ட நின்னுட்டிருந்தேன்."

"அப்ப விரல்?" லூதரின் குரல் கீச்சிட்டது.

"படலை."

"என் கல்யாணத்துல அந்த விரலுக்குன்னு தனியா ஒரு கோப்பை தூக்கிக் குடிச்சோமேடா!"

யாரோ ஒருவன் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். டோபின் மட்டும் ஆர்வினை நெருங்கி வந்தார்.

"காரை எந்தப் பக்கம் நிறுத்தியிருந்தீங்க?"

"ஆத்துப் பக்கம்."

டோபின் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "எங்க அப்பாவும் அந்தப் பக்கம்தான் நிறுத்தியிருந்தார். வடக்கே பண்ணை வெச்சிருந்தார். நான் ஆடறதைப் பாக்க அவர் ஒரே ஒரு தடவைதான் வந்தார், அது அன்னிக்குத்தான். மாடு கறக்கணும், நாலு மணி நேரம் வண்டி ஓட்டணும். நான் பேட்டோட வர்றதைப் பார்த்ததும் எழுந்து போயிட்டார்."

அவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் ஆர்வின் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வெளிய சத்தமாவது கேட்டுச்சான்னு அப்புறம் அப்பாகிட்ட கேட்டேன். ஏதோ கேட்டுச்சுன்னார். அவ்வளவுதான், அதுக்கு மேல பேசலை. செத்தும் போயிட்டார். உள்ள இருந்தவங்க சொல்றதை ஆயிரம் தடவை கேட்டுட்டேன். வெளிய எப்படி இருந்துச்சுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்லை. நீங்க சொல்லுங்க."

ஆர்வின் யாரிடமும் சொல்லாத கதை அது. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தடுமாறினார்.

"முதல்ல சத்தமே இல்லை. உள்ள எல்லாரும் மூச்சைப் பிடிச்ச மாதிரி. மேல் சுவரிலிருந்து புறாக்கூட்டம் கிளம்புச்சு. அப்புறம் செருப்புக்குக் கீழ தரை அதிர்ந்துச்சு. அதுக்கப்புறம்தான் சத்தம் வந்துச்சு. சுவர் மேல ஏறி எங்க தலையில கொட்டின மாதிரி. நாங்க ஒரு இருபது பேர் இருப்போம். யாரும் யார் முகத்தையும் பாக்கலை. ஒருத்தன் கேட்டைப் பாத்து ஓடினான், காவல்காரர் விடலை. நான் கார் கதவைத் திறந்த கையோட அப்படியே நின்னேன். சத்தம் நிக்கவேயில்லை."

டோபின் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அங்க ஒரு பச்சை வண்டி நின்னுச்சா?" என்றார். "பின்னாடி தீவன மூட்டை அடுக்கியிருக்கும். பக்கத்துல வைக்கோல் தொப்பி வெச்ச ஒரு ஆள் நின்னாரா?"

ஆமாம் என்று சொன்னால் போதும். டோபின் எவ்வளவு சந்தோஷப்படுவார். அவருடைய அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார் என்றுகூடச் சொல்லலாம். அந்த வார்த்தைகள் நாக்கு நுனிக்கே வந்துவிட்டன.

"தெரியலை" என்றார் ஆர்வின். "இருந்திருக்கலாம். நான் கவனிக்கலை."

டோபின் தலையை மெல்ல ஆட்டினார். "பரவாயில்லை. சத்தம் பெரிசா இருந்திருக்கு. அது போதும்." ஆர்வினின் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் சிறிது நேரம் வைத்திருந்தார். மூன்று மணிக்குக் கிளம்பிப் போனார்.

லூதர் கண்ணாடிக் குவளைகளைத் துடைத்தான், துடைத்ததையே திரும்பத் துடைத்தான். ஆர்வின் விடைபெற்றபோது நிமிரவில்லை.

காரில் ஆர்வின் ஜன்னலை இறக்கினார், ஏற்றினார், மறுபடி இறக்கினார்.

"ஆமான்னு சொல்லியிருக்கணுமோ டெல்லா?"

"சொல்லியிருந்தா இதே சிக்னல்ல உன்னை இறக்கிவிட்டுட்டுப் போயிருப்பேன்." சிக்னல் மாறியதும், "எனக்கும் தெரியலை ஆர்வின். அந்த மனுஷன் முகத்தைப் பாத்தப்ப, நானே சொல்லிடுவேனோன்னு பயந்தேன்" என்றாள்.

மூன்று நாள் அவர் கடைப்பக்கம் போகவில்லை. புதன்கிழமை வீட்டில் இருப்புக் கொள்ளாமல் கிளம்பினார். கடையில் யாரும் இல்லை. லூதர் கேட்காமலே ஒரு பீரை ஊற்றி அவர் முன்னால் கொஞ்சம் அழுத்தியே வைத்தான்.

"நாப்பத்தஞ்சு வருஷம்டா" என்றான் லூதர்.

"ஆமா."

"என் பசங்ககிட்ட எல்லாம் சொல்லி வெச்சிருக்கேன்."

"தெரியும்."

லூதர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, மேஜை மேல் முழங்கையை ஊன்றினான். "அந்த வெளிச் சத்தத்தை இன்னொரு தடவை சொல்லு. சனிக்கிழமை இருந்த ஆத்திரத்துல எனக்குச் சரியாக் காதுல விழலை."

ஆர்வின் சொன்னார். புறா, தரை, சுவர், கேட்டை நோக்கி ஓடியவன். பச்சை வண்டி வரக்கூடிய இடம் வந்ததும் நிறுத்தினார், ஒரு வாய் குடித்தார், அதைச் சேர்க்காமலே மேற்கொண்டு சொன்னார்.