ஆறாவது பாடம்

என்னென்ன நடக்கும் என்று மனோதத்துவ முதல் வகுப்பிலேயே ஹால்வர்சன் சார் சொல்லிவிட்டார். அதைக் காதில் வாங்கியிருந்தால் வெர்லினுக்கு இந்தக் கதையே இல்லை.

"மத்தவங்க மனசுல என்ன ஓடுதுன்னு கண்டுபிடிக்கற வித்தை இங்க கிடையாது. அதுக்கு ஜோசியக்காரிகிட்ட போங்க. மூளையோட பாகமெல்லாம் மனப்பாடம் பண்ணணும், மண்டை காயும். ஆறாவது பாடம், பழக்கம் எப்படி உண்டாகுதுங்கறது. எலிக்குத் தீனி போட்டுப் பழக்குன கதைய படிச்சதுமே உங்களுக்குக் கை அரிக்கும். நேரா வீட்டுக்குப் போயி புருஷனையும் பிள்ளையையும் பழக்கப் பார்ப்பீங்க. வேண்டாம். கடைசிப் பாடம் மனநோய்கள். அதுல இருக்கற எல்லா நோயும் உங்களுக்கே இருக்கற மாதிரி தோணும். பயப்படாதீங்க, எனக்கும் அப்படித்தான் தோணுச்சு."

வகுப்பு சிரித்தது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இன்னொண்ணு. இந்தப் பாடத்துக்கு யாரும் தனக்காக வர்றதில்ல. வீட்டுல இருக்கற யாரோ ஒருத்தருக்காகத்தான் வர்றீங்க. இருபது வருஷமாப் பாத்துட்டேன்."

கடைசி வரிசையில் இருந்த வெர்லின் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினான். அது அவிழ்ந்திருக்கவே இல்லை.

டுலூத் என்ற குளிர் ஊரில் ஒரு டயர் கடையில் வேலை பார்ப்பவன் அவன். எது கெட்டாலும் அதற்கென்று ஒரு திருகுசாவி இருக்கும், சரியான அளவில் எடுத்துப் போட்டுத் திருகினால் சரியாகிவிடும் என்பது அவன் மதம். அவன் வீட்டில் கெட்டுப்போயிருந்தது பேச்சு. மார்ச் மாதம் மனைவி நடீன் இறந்தாள். அதுவரை லொடலொடவென்று பேசி உயிரை எடுத்த மகள் பிரின், பதினைந்து வயது, அதற்குப் பிறகு மூன்று சொற்களோடு நின்றுவிட்டாள். ம். சரி. தெரியல. பள்ளியில் இருந்த ஆலோசகர் அம்மா, காலம் ஆற்றும் என்றார். காலத்தை நம்பி டயரைக் கூட விட மாட்டான் வெர்லின். வயது பார்க்காமல் சேர்த்துக்கொள்ளும் கம்யூனிட்டி காலேஜில் மனோதத்துவத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டான்.

பக்கத்து இருக்கையில் லூப்பே. நர்ஸ் படிப்புக்கு இந்தப் பாடம் கட்டாயம் என்பதால் வந்த பெண், இருபது வயது, வாய் எட்டு ஊருக்குக் கேட்கும்.

"என்ன பெரியவரே, முத நாளே தூக்கமா?" என்றாள்.

"எனக்கு நாப்பத்தி நாலுதான் ஆகுது."

"அதத்தான் நானும் சொல்றேன்."

இலையுதிர் காலம் முடிந்து முதல் பனி விழுந்த வாரம், ஆறாவது பாடம் வந்தது. எந்தச் செயலுக்குப் பின்னால் நல்லது ஒன்று கிடைக்கிறதோ அந்தச் செயல் வளரும். ஒரேயடியாக எதிர்பார்க்கக் கூடாது. எலி கூண்டுக்குள் இருக்கும் நெம்புகோல் பக்கம் திரும்பினாலே ஒரு தீனி உருண்டை, கிட்டே போனால் ஒரு உருண்டை, தொட்டால் ஒரு உருண்டை. வெர்லின் அந்தப் பக்கங்களை டயர் கடையில் மதிய உணவு நேரத்தில் கிரீஸ் விரலோடு புரட்டிப் புரட்டிப் படித்தான். சாவி கிடைத்துவிட்டது.

அன்றைக்கே தொடங்கினான். பிரின் தட்டை மேசையில் வைத்து, "உப்பு இல்ல," என்றாள். இரண்டு சொல்! வெர்லின் பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் வழக்கம் போல நின்றுகொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், சட்டென்று முகத்தைத் திருப்பிச் சிரித்து, "சொன்னதுக்கு ரொம்ப சந்தோஷம்மா," என்றான். பாடத்தில் அப்படித்தான் போட்டிருந்தது: உடனே கொடு, மனதாரக் கொடு.

பிரின் கரண்டியை வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். "உனக்கு உடம்பு சரியில்லையா?" என்றாள்.

மூன்று சொல்! வெர்லினுக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்கப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. ஒரு நாள் பள்ளிப் பேருந்து பள்ளத்தில் இறங்கியதைச் சொன்னாள். இன்னொரு நாள் கணக்கு டீச்சர் தும்மினால் மூன்று வகுப்புக்குக் கேட்கிறது என்றாள். ஒவ்வொன்றுக்கும் வெர்லின், "சொன்னதுக்கு ரொம்ப சந்தோஷம்மா." சில நாள் வாயே திறக்க மாட்டாள். ஏன் என்று அவனுக்கு விளங்கவில்லை. பாக்கெட்டில் சாக்லேட் வாங்கி வைத்துக்கொண்டும் பார்த்தான். எலிக்கும் சில நாள் மந்தம் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். பெற்ற மகளை எலி என்று நினைத்தவனுக்கு எந்த நரகம் என்று நான் கேட்கவில்லை. பாவம், அவனுக்கு அவள் குரல் வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

லூப்பேயிடம் மட்டும் பெருமை அடித்துக்கொண்டான்.

"வீட்டு ஆளுங்க மேல கை வைக்காதீங்கன்னு சார் சொன்னாரே?"

"நான் பாராட்டத்தான செய்யறேன். பாராட்டுனா தப்பா?"

"உங்க பொண்ணுக்குத் தெரிஞ்சா உங்களக் கூண்டுல போடுவா. சரி, அத விடுங்க. இன்னிக்கு நம்ம சாரைப் பழக்கப் போறோம், நீங்களும் சேர்ந்துக்கங்க."

ஏற்பாடு சுலபமானது. ஹால்வர்சன் சார் ஜன்னல் பக்கம் நடந்தால் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணைப் பார்த்துத் தலையாட்ட வேண்டும். பலகைப் பக்கம் போனால் போனை நோண்ட வேண்டும், கொட்டாவி விட வேண்டும். அதற்கு வெர்லினுக்குப் பயிற்சியே தேவைப்படவில்லை, கொட்டாவி தானாகவே வந்தது. பாதி வகுப்பு முடிந்த பிறகு மனிதர் ஜன்னலை விட்டு நகரவில்லை. முடியும்போது ஜன்னல் திட்டில் சாய்ந்து, முதுகில் குளிர் ஏற ஏறப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். லூப்பேயால் அதற்கு மேல் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சார், நீங்க எலி!"

ஹால்வர்சன் சாருக்குக் கோபம் வரவில்லை. "தெரியும்மா. ஒவ்வொரு வருஷமும் ஆறாவது பாடத்துக்கு எவனாவது ஒருத்தன் இதச் செய்வான். போன வருஷப் பசங்க என்னக் குப்பைத் தொட்டிகிட்ட கொண்டு போயி நிறுத்துனாங்க." கண்ணாடியைத் துடைத்தார். "ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. செப்டம்பர்லேர்ந்து என் முகத்த நிமிர்ந்து பாக்காத பசங்க எல்லாம் இன்னிக்கு ஒரு மணி நேரம் கண்ணெடுக்காம பாத்தீங்க. நான் செஞ்சதெல்லாம் ரெண்டடி தள்ளி நின்னதுதான். இப்ப சொல்லுங்க, யாரு யாரப் பழக்குனது?"

எல்லாரும் கைதட்டினார்கள். வெர்லின் தட்டவில்லை.

காரில் ஏறி உட்கார்ந்து சாவியைப் போடாமல் யோசித்தான். பிரின் என்றைக்குப் பேசினாள்? அவன் முகத்தைத் திருப்பியபோது உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். பேருந்து கதையைச் சொன்ன அன்று அவன் தொட்டியை விட்டு ஃபிரிட்ஜில் சாய்ந்து நின்றிருந்தான். தும்மல் கதைக்கு மேசை ஓரத்துக்கே வந்து தட்டை அங்கே வைத்திருந்தான். வாய் திறக்காத நாட்களில் எங்கே நின்றான்? தொட்டிப் பக்கம். திரும்பி நின்று, சுவரைப் பார்த்து.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். நடீன் போன நாளிலிருந்து அவன் நாற்காலியில் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எதிரே அவளுடைய நாற்காலி. அதைப் பார்க்க முடியாமல் தொட்டியோரம் நின்றே சாப்பிட்டுப் பழகிவிட்டான். பின்னால் மேசையில் ஒரு குழந்தை தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறது என்பது அவனுக்கு உறைக்கவே இல்லை. இத்தனை நாளும் மகளுக்கு என்ன கோளாறு என்று புத்தகத்தில் தேடியிருக்கிறான் மடையன். வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இறங்கி, கார்க் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிவிட்டு வண்டியை எடுத்தான்.

வீட்டில் பிரின் தக்காளி சூப்பைச் சூடாக்கி, வெண்ணெய் போட்டு சீஸ் ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தாள். வெர்லின் கோட்டைக் கழற்றாமல் வாசலில் நின்றான்.

"பிரின், நான் ஒரு தப்பு பண்ணேன். காலேஜ்ல படிச்சத உன் மேல..."

"தெரியும்."

"எப்படிம்மா?"

"புக்க கக்கூஸ்ல வச்சிட்டுப் போற. ஆறாவது பாடம் முழுக்க உன் கிரீஸ் கைதான்." ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "அதுவும் 'சொன்னதுக்கு ரொம்ப சந்தோஷம்மா'. எந்த அப்பன் அப்படிப் பேசுவான்? ஒரு வாரம் சிரிச்சேன்."

"அப்புறம் நீ என்னப் பழக்க ஆரம்பிச்சியா?"

அவள் அடுப்பை அணைத்தாள். திரும்பியபோது உதடு கோணியது.

"அம்மாவ நெனச்சு நீ அழு, அழாம இரு, உன் இஷ்டம். ஆனா மார்ச்லேர்ந்து நான் உன் முதுகப் பாத்துக்கிட்டுதான்பா சாப்புடறேன். அம்மா போயிட்டா. நீயும் சுவத்தப் பாத்து நின்னுட்டா நான் யார்கிட்ட பேசறது?"

வெர்லின் கோட்டைக் கழற்றி ஃபிரிட்ஜ் மேல் போட்டான். தட்டை எடுத்தான். கால் வழக்கம் போலத் தொட்டிப் பக்கம் ஒரு அடி வைத்தது, நின்றது, திரும்பியது. தன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். எதிரே நடீனின் நாற்காலி காலியாக இருந்தது. அதன் முதுகில் அவளுடைய நீலக் கம்பளிச் சட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தான். எழுந்து ஓடாமல் உட்கார்ந்திருந்தான்.

பிரின் சூப்புக் கிண்ணத்தை அவன் முன்னால் வைத்தாள். தன் நாற்காலியை அவன் பக்கம் கொஞ்சம் நகர்த்திப் போட்டு உட்கார்ந்தாள். கண் நிறையத் தண்ணீர், வாயில் சிரிப்பு.

"உக்காந்ததுக்கு ரொம்ப சந்தோஷம்பா," என்றாள்.

பிறகு பேச ஆரம்பித்தாள். சூப் ஆறும் வரை நிறுத்தவில்லை.