நான் சொன்ன செவ்வாய்க்கிழமை

"செவ்வாய்க்கிழமைன்னு அந்தம்மா சொன்னாங்களா, நீ சொன்னியா?"

ஒலிப்பதிவை நிறுத்திவிட்டுச் செய்தி ஆசிரியர் கேட்டார். நான் மேசையிலிருந்த கீறலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதிவில் என் குரல்தான் முதலில் வந்தது: "செவ்வாயாக்கா?" அப்புறம் அந்தம்மாவின் குரல்: "ஆமாம்மா."

இஸ்திரிக் கடைக்காரரை வியாழன் மாலை பிடித்து, வெள்ளி காலை கோர்ட்டில் நிறுத்தியதாகப் போலீஸ் சொல்கிறது. அதற்கு முன்பே பிடித்து, கணக்கில் காட்டாமல் வைத்து அடித்தார்கள் என்று அவர் மனைவி சொல்கிறார். பிடித்த இருபத்துநாலு மணி நேரத்துக்குள் கோர்ட்டில் நிறுத்த வேண்டும் என்பது சட்டம்; பிடித்த நாளை நிரூபித்தால்தான் அவர் வெளியே வர வழி. பெரிய நிருபர்களிடம் வாயே திறக்காத அந்த அக்கா, கடைநிலை நிருபரான என்னிடம் பேசினார். நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். யாருக்கும் காட்டாத நோட்டுகளில் பக்கம் பக்கமாக எழுதுவேன். ஆளைப் பார்த்துக் கேட்கத்தான் உதறும். எதிரில் இருப்பவர் தயங்கினால் பதிலையும் நானே எடுத்துக் கொடுத்துவிடுவேன்.

"இவகிட்ட பேசுறதுக்குச் சுவத்துகிட்ட பேசலாம்னு நெனச்சேன்," என்றார் பக்கம் அமைக்கிற அண்ணன். "சுவரு பதிலும் சொல்லிக் குடுத்திருக்கு."

ஆசிரியர் சிரிக்கவில்லை. "மறுபடி போ. ஒரு கேள்வி கேளு. அப்புறம் வாயை மூடிட்டு உட்காரு."

கடையில் அக்கா தனியாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். "வா கண்ணு. பேப்பர்ல எப்ப வரும்?"

"அக்கா, அண்ணனைப் பிடிச்ச அன்னிக்குக் காலையிலேர்ந்து என்ன நடந்துச்சு?"

"அதான் செவ்வாய்னு சொன்னோமே."

நான் பேசவில்லை. அவர் இரண்டு சட்டை தேய்த்து முடித்தார்.

"அவரு டாக்டர் கோட்டு தேச்சுக்கிட்டிருந்தாரு. அப்படியே இழுத்துட்டுப் போனாங்க. பெட்டி அதுமேலயே கெடந்து, முதுகுல இம்மாம் பெரிய ஓட்டை! கிளினிக்காரங்க என்ன திட்டு திட்டினாங்க தெரியுமா? எனக்குப் புருஷன் போன துக்கம், அவங்களுக்குக் கோட்டு போன துக்கம்."

"கிளினிக் துணி என்னிக்குக்கா வரும்?"

"புதன்..." அவர் கை நின்றது.

மூட்டையோடு வந்த சீட்டை ஆணியிலிருந்து உருவிக் கொடுத்தார். புதன்கிழமைத் தேதி. கோட்டு கருகியதாகக் கிளினிக்காரர்கள் அதே தேதியில் கீழே எழுதியிருந்தார்கள். போலீஸ் சொன்னதற்கு ஒரு நாள் முந்தி. அதுவே போதும். ஆனால் நான் எழுதிக் கொடுத்த செவ்வாயை நம்பி அக்காவின் வக்கீல் மனு போட்டுவிட்டார். அக்கா அதில் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

"இப்ப மாத்தினா என்னைப் பொய்க்காரின்னு சொல்ல மாட்டாங்களா?"

"சொல்வாங்கக்கா. மாத்தலைன்னா இந்தச் சீட்டை நாம கோர்ட்டுல காட்டவே முடியாது. செவ்வாய்னு சொன்னது நான்தான்னு எழுதித் தர்றேன். பேப்பர்லயும் போடச் சொல்றேன்."

"நீ நடுங்கிக்கிட்டே கேட்டியா, பாவமேன்னு தலையாட்டிட்டேன்."

"மன்னிச்சிடுங்கக்கா. வக்கீல்கிட்ட நானும் கூட வரவா?"

அவர் பிளக்கைப் பிடுங்கினார். என் கையிலிருந்த சீட்டை வாங்கி மடித்தார். கடையின் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, என்னைக் கூப்பிடாமலே வக்கீல் ஆபீஸ் இருக்கும் பக்கமாக நடந்து போனார்.