பதினெட்டு ஆள் ஆழம்

உறுதிமொழித் தாள் மேசையின் மேல் கிடந்தது. "அளவெடுக்கும் இடமும் முறையும் பன்னிரண்டு ஆண்டுகளாக மாறவில்லை என்று உறுதி கூறுகிறேன்" என்று அச்சடித்து, கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு போட்டிருந்தார்கள். வாளியம்மா பேனா மூடியைக் கழற்றினாள். கோட்டின் மேல் முனையை வைத்தவள், மை இறங்கும் முன்பே எடுத்துவிட்டாள். கையெழுத்துப் போடத் தயங்கும் பேர்வழி அல்ல அவள். தாளோடு இணைத்து அனுப்பியிருந்த வண்ணப்படம்தான் அவள் கையைப் பிடித்து நிறுத்தியது.

எழுநூறு கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றும் செயற்கைக்கோள் எடுத்த படம் அது. ஏரியின் அழகை எடுத்த படம் அல்ல, ஏரியின் சூட்டை எடுத்த படம். குளிர்ந்த நீர் நீலம், வெதுவெதுப்பான நீர் மஞ்சள், சூடேறிய நீர் சிவப்பு. எட்டு நாளைக்கு ஒருமுறை, காலை பத்து மணி இருபத்து நான்கு நிமிடத்துக்கு, அது இந்த ஏரியின் தலைக்கு மேலே கடந்துபோகும். அந்த நிமிடத்தில் வாளியம்மா நடு ஏரியில் படகில் இருக்க வேண்டும். ஒரு வாளி நீர் மொள்ள வேண்டும், வெப்பமானியை இறக்க வேண்டும், எண்ணைப் படிவத்தில் எழுத வேண்டும். மேலே இருந்து அது பார்த்துச் சொல்வதும் கீழே இருந்து இவள் தொட்டுச் சொல்வதும் ஒத்துப்போனால், வானத்துக் கண் சரியாக இருக்கிறது என்று பொருள். வேலை இவ்வளவுதான். ஆனால் இந்த இவ்வளவுதானை ஒரு தவணை தவறாமல் பன்னிரண்டு ஆண்டு செய்தவள் அவள் ஒருத்தி. ஏரி ஆண்டுக்கு ஆண்டு சூடேறி வருகிறது என்று உலகத்துக்கு எடுத்துச் சொன்ன வரைபடத்தில் ஒரு புள்ளி விடாமல் அவள் கை பட்டிருந்தது.

அவள் படித்துப் பட்டம் பெற்றவள் அல்லள். ஏரிக்கரையில் இருக்கும் இந்த அளவு நிலையத்தைப் பெருக்க வந்தவள். அளவெடுக்க வந்தவர்கள் ஒவ்வொருவராக மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடியபோது, துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வாளியைத் தூக்கினாள். "பெருக்க வந்தவகிட்ட கருவியைக் குடுத்தா இப்படித்தான்" என்று சொல்வதற்கு ஒரு சந்தர்ப்பம் வாய்க்காதா என்று நிலையக் கண்காணிப்பாளர் பன்னிரண்டு ஆண்டாகக் காத்திருந்தார். அவருக்கு அந்த வாய்ப்பை அவள் ஒருநாளும் தந்ததில்லை.

படத்தோடு வந்த கடிதத்தை ஆராய்ச்சி மையத்து மேடம் எழுதியிருந்தார். கடந்த நான்கு மாதமாகச் செயற்கைக்கோள் சொல்வது வாளியம்மா சொல்வதைவிட ஒரு டிகிரிக்கு மேல் குறைவாக இருக்கிறதாம். மற்ற இரண்டு ஏரிகளில் நிறுத்திய தானியங்கிக் கருவிகள் புயலில் பழுதாகிக் கிடக்கின்றனவாம். "ஆகவே உங்கள் அளவுதான் எங்களுக்குத் தராசு. செயற்கைக்கோளின் கண் மங்கியிருக்கிறது என்று முடிவு செய்து, இந்த வட்டாரத்து ஏரிகள் அத்தனைக்கும் அதன் கணக்கைத் திருத்தப்போகிறோம். உங்கள் உறுதிமொழி கிடைத்ததும் தொடங்குவோம்."

இரண்டு நாள் அந்தக் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு திரிந்தாள். வானத்தில் பறப்பதைத் தரையில் நிற்பவள் திருத்துகிறாள்! லாரி ஓட்டும் கணவருக்குத் தொலைபேசியில் மூன்றுமுறை படித்துக் காட்டினாள். மூன்றாம் முறை அவர், "சரி, இனிமே வீட்டுல நான் சொல்றதையும் திருத்திக்க" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

மூன்றாம் நாளான இன்றுதான் படத்தை நிதானமாகப் பார்த்தாள். போன மாதம் ஒன்பதாம் தேதி எடுத்தது. பக்கத்தில் நிறத்துக்கு எத்தனை டிகிரி என்று ஒரு பட்டை போட்டிருந்தார்கள். தன் பதிவேட்டைப் புரட்டி அந்தத் தேதியில் எழுதியிருந்ததைப் பார்த்தாள். இருபத்தேழு புள்ளி நான்கு. படத்தில் நடு ஏரி வெளிறிய மஞ்சள். பட்டைப்படி இருபத்தாறு புள்ளி இரண்டு. விரலை மெல்ல நகர்த்தினாள். தெற்குக் கரையை ஒட்டி, ஆழமில்லாத மேட்டின் மேல், நாக்குப் போல ஒரு சிவப்பு நீண்டிருந்தது. அந்தச் சிவப்பைப் பட்டையோடு ஒட்டிப் பார்த்தாள். இருபத்தேழு புள்ளி நான்கு.

அவள் போகாத இடத்தில் அவள் எழுதிய எண் இருந்தது.

இடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ். கருவி நினைவுக்கு வந்தது. மழைக்காலத் தொடக்கத்தில் அது படகின் அடியில் தேங்கிய தண்ணீரில் விழுந்து உயிரை விட்டிருந்தது. சொன்னால் கண்காணிப்பாளர் வாயில் விழ வேண்டும்; ஆகையால் சொல்லவில்லை. ஏரிதான் எங்கே ஓடிவிடப் போகிறது? நடு ஏரியின் இட எண் அவளுக்குத் தன் மகளின் பிறந்தநாளைப் போல மனப்பாடம். ஒவ்வொரு படிவத்திலும் அதையே எழுதினாள். பிசிறில்லாமல், ஒரு புள்ளி மாறாமல், பார்த்தவர் மெச்சும்படி எழுதினாள்.

பண்டக அறையில் கண்டெடுத்த ஈயக்குண்டுக் கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு படகுத்துறைக்குப் போனாள். ஓர் ஆள் உயரத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட பழைய கயிறு. நிலையம் தொடங்கிய நாளில் அளந்தபோது நடு ஏரியின் ஆழம் பதினெட்டு முடிச்சு என்று பதிவேட்டின் முதல் பக்கத்தில் இருந்தது.

படகோட்டி அவள் கொழுந்தன். ஊர் அவனைக் கேப்டன் என்று அழைத்தது. இரண்டு துடுப்புப் போட்ட மரப்படகுக்கு அது கொஞ்சம் பெரிய பட்டம்தான்.

"என்ன அண்ணி, இன்னைக்கு முறை இல்லையே. மேல போறவரு ஓவர்டைம் பாக்குறாரா?"

"வாயை மூடிட்டுத் துடுப்பைப் போடு."

"வாயை மூடினா படகு நகராது. எனக்கு இன்ஜினே அதுதான்."

வழக்கமான வழியில்தான் ஓட்டினான். ஜி.பி.எஸ். வருவதற்கு முன்பு மீன்பிடிப்பவர்கள் இடம் கண்ட முறை அது. கிழக்குக் கரையில் செங்கல் சூளையின் புகைபோக்கியும் அதற்குப் பின்னால் இருக்கும் வெள்ளைத் தண்ணீர்த் தொட்டியும் ஒரே கோட்டில் வர வேண்டும். வடக்கில் பம்ப் அறையின் உச்சியில் செல்போன் கோபுரம் வந்து உட்கார வேண்டும். இரண்டும் ஒருசேர வாய்க்கும் இடமே நடு ஏரி.

"தொட்டி புகைபோக்கிக்குப் பின்னால ஒளிஞ்சாச்சு. கோபுரமும் உக்காந்தாச்சு. மகாராணி வேலையை ஆரம்பிக்கலாம்."

ஈயக்குண்டை இறக்கினாள். முடிச்சுகள் உள்ளங்கையை உரசிக்கொண்டு போயின. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. கயிறு தொய்ந்தது.

"சிக்கிடுச்சு போல" என்றான் கேப்டன்.

இழுத்துவிட்டு மறுபடி இறக்கினாள். ஐந்து. மேலே இழுத்தபோது குண்டின் அடியில் கருஞ்சேறு அப்பியிருந்தது. பதினெட்டு ஆள் ஆழமுள்ள நடு ஏரியில் ஐந்தாம் முடிச்சில் தரை தட்டுகிறது.

கேப்டன் துடுப்பை மடியில் கிடத்திவிட்டுக் கரையைப் பார்த்தான். கண்ணைச் சுருக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தான். அவனுடைய இன்ஜின் அன்றுதான் முதன்முதலாக நின்றது.

"அண்ணி... அது நம்ம தொட்டி இல்ல."

மழைக்காலத்தில் மேகம் மூடிக்கொண்டால் செயற்கைக்கோளால் ஏரியைப் பார்க்க முடியாது. அந்த ஆறு வாரம் இவர்களும் படகு இறக்குவதில்லை. அதற்குள்ளாகப் பழைய தொட்டியை இடித்துவிட்டு, நான்கு தெரு தள்ளிப் புதியதைக் கட்டியிருக்கிறார்கள். அதே உயரம், அதே வெள்ளை. மேகம் விலகித் திரும்பி வந்தபோது கரையில் ஒரு தொட்டி நின்றது. அதைப் புகைபோக்கியோடு பொருத்தினார்கள். நான்கு தெருவின் பிசகு, நீரில் அறுநூறு மீட்டர் பிசகாகியிருந்தது. பதினான்கு தவணை, பதினான்கு காலை, கரையோர மேட்டின் சூட்டை மொண்டு அதற்கு நடு ஏரி என்று பெயர் எழுதியிருந்தாள்.

படகு தானாக மெல்லச் சுழன்றது. கேப்டன்தான் முதலில் பேசினான்.

"சொல்லப் போறீங்களா?"

அவள் குண்டில் ஒட்டிய சேற்றை விரலால் வழித்துக்கொண்டிருந்தாள்.

"கண்காணிப்பாளர் காதுக்குப் போனா, அடுத்த வாரமே ஒரு மெஷினை மிதக்க விட்டுட்டு நம்ம ரெண்டு பேரையும் கரையேத்திடுவாரு. இன்னையிலேர்ந்து சரியான இடத்துல எடுப்போம் அண்ணி. போனது போகட்டும். மேல சுத்துறது வெறும் இரும்பு. அதுக்கு மானமா, ரோஷமா? கண்ணு மங்கிடுச்சுன்னு பழி போட்டா அழவா போகுது?"

"அது அழாது."

"அப்புறம் என்ன? சூடு கூடுது, சூடு கூடுதுன்னு நீங்கதானே பாக்குறவங்ககிட்ட எல்லாம் பிரசங்கம் பண்றீங்க. உங்க எண்ணு கூடத்தானே காட்டுது? நம்ம கட்சிக்கு நல்லதுதானே!"

அந்தச் சொல்தான் அவளைத் தைத்தது. நம்ம கட்சி. ஆம், அவள் ஒரு கட்சிதான். ஏரி சூடேறுகிறது என்பதைக் கையால் தொட்டு அறிந்தவள் அவள். அதை நம்ப மறுத்தவர்களோடு மல்லுக்கு நின்றவள். வெப்பமானியே பொய் என்று நக்கலடித்த கண்காணிப்பாளரிடம், "அப்ப நீங்களே கையை விட்டுப் பாருங்க சார்" என்று வாளியை நீட்டியவள். அந்த வழக்கில் அவள் வைத்திருந்த ஒரே ஆயுதம், எண் பொய் சொல்லாது என்பது. இன்று எண் பொய் சொல்லியிருக்கிறது. அதுவும் அவளுக்குச் சாதகமாகச் சொல்லியிருக்கிறது. எதிரிக்குச் சாதகமாகச் சொல்லியிருந்தால் இந்நேரம் படகைத் திருப்பச் சொல்லிக் கூச்சலிட்டிருக்க மாட்டாளா? தனக்கு உதவும் பொய்யை மட்டும் தட்டிக்கொடுத்து வைத்துக்கொள்பவள், வாளியை ஏன் தூக்க வேண்டும்? துடைப்பத்தையே வைத்துக்கொண்டிருக்கலாமே, தரையாவது சுத்தமாக இருந்திருக்கும். நாளைக்கே யாராவது ஒருவன் கயிறும் குண்டுமாக வந்து இந்த ஐந்து முடிச்சைக் கண்டுபிடிப்பான். இந்த ஒரு டிகிரிப் பொய்யைத் தூக்கிக் காட்டி, பன்னிரண்டு ஆண்டு உண்மையையும் ஏரியில் வீசுவான்.

"கேப்டன், படகை நிலையத்துக்கு விடு."

"உங்களோட சேர்ந்து நானும்தானே தண்ணியில விழுறேன், அண்ணி." குரலில் கேலி இல்லை.

"தெரியும். தொட்டியைப் பாத்தது நீ. ஆனா பாக்காத எண்ணை எழுதினது நான். கடுதாசியில என் பேரு மட்டும்தான் இருக்கும்."

"அதெப்படி? படகுக்குக் கேப்டன் நான்தானே" என்று முணுமுணுத்துவிட்டுத் துடுப்பைப் போட்டான்.

மையத்துக்குத் தொலைபேசியில் பேசியபோது அவள் நின்றுகொண்டேதான் பேசினாள். ஜி.பி.எஸ். விழுந்ததை, மனப்பாடமாக எழுதியதை, தொட்டியை, முடிச்சுகளை, ஒன்றையும் மெழுகாமல் வரிசையாகச் சொன்னாள். மறுமுனையில் விசைப்பலகைச் சத்தம் நின்றது.

"எத்தனை அளவும்மா?" என்றார் மேடம்.

"பதினாலு."

"திருத்தம் போட்டு அறிக்கையே எழுதிட்டேன். திங்கட்கிழமை அனுப்பறதா இருந்தேன்." பெருமூச்சு கேட்டது. கோபமா, தப்பித்த நிம்மதியா என்று தெரியவில்லை.

"அப்ப அந்தப் பதினாலையும் அடிச்சிடவா மேடம்?"

"அடிக்காதீங்க! ஒண்ணையும் அடிக்காதீங்க. இடத்தை மட்டும் மாத்தி எழுதுங்க. எந்த இடம், எவ்வளவு ஆழம்னு அளந்து எழுதுங்க. அந்த மேட்டுத் தண்ணிக்கு எங்ககிட்ட ஒரு அளவுகூட இல்ல." சற்று நிறுத்தினார். "ஆனா அம்மா, இது மேலதிகாரிங்க வரைக்கும் போகும். உங்க இடத்துல நீங்களே இருப்பீங்கன்னு என்னால உறுதி சொல்ல முடியாது. நான் எழுதறேன். அவ்வளவுதான் முடியும்."

"நீங்க உள்ளதை எழுதுங்க, மேடம். நானும் அதைத்தான் எழுதப்போறேன்."

உறுதிமொழித் தாளின் நான்கு வரிகளையும் குறுக்கே அடித்துவிட்டு, பின்பக்கத்தில் நடந்ததை எழுதினாள். எழுத்து பெரிதாகவும் கோணலாகவும் இருந்தது. முன்பக்கத்தில் காலியாகக் கிடந்த கோடு உறுத்தவே, அந்தப் பின்பக்கத்தில் தானே ஒரு கோடு கிழித்து, அதன் மேல் கையெழுத்துப் போட்டாள். கண்காணிப்பாளர் அதை இருமுறை படித்தார். பன்னிரண்டு ஆண்டாக நாக்கு நுனியில் வைத்திருந்த வாக்கியம் அவர் வாய்வரை வந்தது. அவள் இமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாக்கியம் வெளியே வரவில்லை. "முடிவு வர்ற வரைக்கும் வேலையைப் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தாளைக் கோப்பில் செருகினார்.

அடுத்த தவணை வந்தது; முடிவு வரவில்லை. மேகமில்லாத காலை. கேப்டன் இந்த முறை தொட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒவ்வொரு நூறு துடுப்புக்கும் படகை நிறுத்தினான். அவள் கயிற்றை இறக்கினாள். ஒன்பது. பன்னிரண்டு. பதினைந்து.

"மணி பத்து இருபது, அண்ணி. மேல இருக்கறவரு காத்துக்கிட்டு நிக்க மாட்டாரு."

"இன்னும் கொஞ்சம் போடு."

போட்டான். வாளியைப் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டு, அவள் குண்டை மறுபடி நீரில் விட்டாள். அண்ணாந்து பார்த்தபோது வானம் துடைத்துவிட்டது போல வெறுமையாக இருந்தது. கடந்துபோகிறதா இல்லையா என்று கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கையில் மட்டும் தெரிந்தது. பதினான்காம் முடிச்சு உள்ளங்கையை உரசிக்கொண்டு போயிற்று. பதினைந்து. பதினாறு. பதினேழு. ஈரக் கயிறு விறைப்பு மாறாமல் குளிர்ந்த நீருக்குள் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.