ஏழாம் எண் படிக்கட்டு

நூற்றிருபது மணி நேரம். அதற்கு முன் இன்குபேட்டர் கதவைத் திறந்து பார்ப்பதில் பயனில்லை. தண்ணீர்க் குப்பிகள் இரண்டும் இருபது டிகிரியில், இருட்டில், முழுதாக ஐந்து நாள் இருக்க வேண்டும். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வைத்தேன். வியாழன் காலை பத்து மணிக்கு எடுக்கலாம். அறிக்கை அச்சுக்குப் போவது வியாழன் மதியம்.

அது ஆற்றின் பத்து வருட அறிக்கை. ஒன்பது இடங்களில் மாதம் ஒருமுறை எடுத்த தண்ணீரின் கணக்கு. அதில் ஏழாம் இடத்தின் அழுக்கு அளவைக் காட்டும் கோடு அட்டையிலேயே வருகிறது. ஏழரை வருடம் உயரத்தில் ஓடி, படியில் கால் தவறியவர்போலச் சட்டென்று இறங்கி, குளிக்கலாம் என்ற எல்லைக்குக் கீழே படுத்துவிட்ட கோடு. அதை நம்பி அந்தக் கரையில் குழந்தைகள் குளிக்க இடம் அமைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை திறப்பு.

கோடு இறங்கியதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். சாயப்பட்டறையை மூடியதால் என்றார் ஆய்வகத்தை நடத்தும் மேடம். நல்ல மழை என்றார் டிரைவர் அண்ணன். "நான் குப்பி கழுவற கழுவுல ஆறே திருந்திடுச்சு" என்றார் குப்பி கழுவும் அக்கா. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆய்வகத்தில் எனக்கு 'சைலன்ட் மோடு' என்று பெயர். அதனால் நான் பேசாதது யாருக்கும் புதிதாகத் தெரியவில்லை.

போன வாரம்தான் பழைய நோட்டுகளின் எண்களை என் எண்களோடு சேர்த்து வரைந்தேன். கோடு இறங்கிய மாதம், நான் வேலைக்குச் சேர்ந்ததற்கு அடுத்த மாதம். எனக்கு முன்பிருந்தவர் நோட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: 'ஏழு: பத்து மடங்கு நல்ல நீர் சேர்த்துச் சோதிக்கவும். இல்லாவிட்டால் ஆக்சிஜன் தீர்ந்துவிடும்.' எனக்கு அப்படிச் சேர்க்க வேண்டிய தேவை ஒருமுறைகூட வந்ததில்லை.

சனிக்கிழமை டிரைவர் அண்ணன் வழக்கம்போல ஜீப்பைப் பாலத்தின் மேல் நிறுத்தி, வாளியையும் கயிற்றையும் நீட்டினார். வாளியை இறக்கி ஒரு குப்பியை நிரப்பினேன். பிறகு இன்னொரு குப்பியை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

"எங்கம்மா கிளம்பிட்டீங்க? அதான் எடுத்தாச்சே."

"படிக்குண்ணே."

"நீங்களா? படிக்கா? இன்னைக்கு மழை கொட்டப் போகுது போங்க."

படிக்கட்டு லாரி ஒர்க் ஷாப்புக்குப் பின்னால், பாலத்திலிருந்து ஆறு ஓடும் திசையில் நூற்றைம்பது மீட்டர் தள்ளி இருக்கிறது. சேர்ந்த முதல் மாதம் அங்கே போனபோது, டயர்கள் மேல் உட்கார்ந்திருந்த ஐந்தாறு பேர் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். என்ன சொன்னார்கள் என்றுகூட எனக்குக் கேட்கவில்லை. காது சுட்டது மட்டும் நினைவிருக்கிறது.

இப்போது படிகளுக்குப் புதுச் சிமெண்ட் பூசி, சின்னக் கைகளுக்கு எட்டும் உயரத்தில் நீலக் கம்பி வைத்திருந்தார்கள். டீசல் வாசனையில் வேறெந்த வாசனையும் தெரியவில்லை. மெக்கானிக் ஒருவர் என்னைப் பார்த்ததும் வழியில் கிடந்த டயரை உருட்டி ஒதுக்கினார்.

"தண்ணி டெஸ்டா? முன்னாடி இருந்த சார் மாசாமாசம் வருவாரு. அப்புறம் யாரையும் காணோம். டெஸ்டையே நிறுத்திட்டாங்கன்னு நெனச்சோம்."

நான் குனிந்து குப்பியை மூழ்கடித்தேன்.

"குழாய்ப் பக்கம் போயிடாதீங்க. சேறு இழுத்துடும்."

"எந்தக் குழாய்?"

"உங்களுக்குத் தெரியாதா? பாலத்துக்கும் படிக்கும் நடுவுல, தண்ணிக்கடியில. அந்தத் தெருச் சாக்கடை பூரா அதுலதான் வருது."

குப்பி நிரம்பிய பிறகும் கொஞ்ச நேரம் தண்ணீருக்குள்ளேயே பிடித்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மாலை என் கூடப்பிறந்த அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா மகள் நீச்சல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"மூணு நாளா கழட்டல. தூங்கும்போதும் அதேதான்" என்றாள் அக்கா. "உன் படிப்பு இப்பதான்டி எனக்கு உதவியிருக்கு. என் தங்கச்சி பார்த்துச் சொன்ன தண்ணின்னு இந்த மாடி பூரா சொல்லி வெச்சிருக்கேன். ஒன்பது பிள்ளைங்க வருது."

"ஞாயித்துக்கிழமை வேண்டாம்க்கா. அப்புறம் போகலாம்."

"ஏன்?"

"சும்மாதான்."

"சும்மாவா? உன்கிட்டேர்ந்து ஒரு வார்த்தை வாங்கறதுக்குள்ள எனக்கு விடிஞ்சிடும்."

"சித்தி, நீயும் எங்ககூட குதிப்பியா?" என்றாள் சின்னவள். கண்ணாடிக்குள் அவள் கண்கள் பெரிதாகத் தெரிந்தன. முடிவு வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். முடிவு எனக்குத் தெரியும்.

வியாழன் பத்து மணிக்குக் குப்பிகளை வெளியே எடுத்தேன். இரண்டு மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக விட வேண்டும். தண்ணீரில் ஆக்சிஜன் மிச்சம் இருந்தால் பழுப்பாகத் திரியும். இல்லாவிட்டால் வெள்ளை. பாலத்துக் குப்பி பழுப்பானது. படிக்கட்டுக் குப்பியில் வெள்ளையாகத் திரிந்து, மெதுவாக அடியில் இறங்கியது. ஐந்து நாளில் அழுக்கு ஆக்சிஜன் முழுவதையும் தின்று தீர்த்திருந்தது.

குப்பி கழுவும் அக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"ஏழுல இந்த வெள்ளையைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு! நல்லாத்தானே இருந்துச்சு? ஆத்துக்கு திடீர்னு என்ன வந்துச்சு?"

"ஆத்துக்கு ஒண்ணும் வரலக்கா" என்றேன்.

அவர் என்னையும் குப்பிகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குழாயைத் திறந்துவிட்டார்.

இரண்டு குப்பிகளையும் தட்டில் வைத்து, மேடம் அறைக்குக் கொண்டுபோனேன். பதினான்கு எட்டு நடை. மேசை மேல் அட்டையின் மாதிரி விரித்திருந்தது. கோடு பச்சை நிறத்தில் இருந்தது.

"வா வா. உன் பேரையும் உள்ள போடச் சொல்லியிருக்கேன். எழுத்து சரியான்னு பார்."

சரியாகத்தான் இருந்தது. தட்டைக் கோட்டின் மேலேயே வைத்தேன்.

"இதென்ன?"

"மேடம்..."

"கேக்கல. இரு, ஃபேனை நிறுத்தறேன்." எழுந்துபோய் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "உனக்காக ஃபேனை நிறுத்தற ஒரே ஆபீஸ் இதுதான். ம், சொல்லு."

இறக்கைகள் முழுதாக நிற்கும்வரை காத்திருந்தேன். அதற்குப் பிறகு காத்திருக்க எதுவும் இல்லை.

"முப்பத்தோரு மாசமா ஏழாம் நம்பர் தண்ணியை நான் படியில எடுக்கல மேடம். பாலத்து மேலேர்ந்து எடுத்தேன். சாக்கடைக் குழாய்க்கு முன்னாடி."